இரண்டு படத்திலும் இல்லாத சுவிட்ச்

கயல், மணி, இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

போன மாதம் நம் தெருவில் புது மீட்டர் மாட்ட ஆட்கள் வந்தபோது மணி என்னிடம் கேட்டான். "ஏம்ப்பா, கம்பத்துல ஏறுன ஆளு நீங்க. கடைசியில கம்ப்யூட்டரு முன்னாடி ஒக்காந்து என்னதான் பண்ணீங்க?" போனில் பேசிக்கொண்டிருந்த கயல் சிரித்தாள். "நான் வேலைக்குச் சேரும்போது டேட்டா மாடல்னா என்னன்னே தெரியாதுடா. அப்பா அதுக்கு முன்னாடியே ட்ரெய்னிங் போய்ட்டு வந்துட்டாரு." நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. எழுதத் தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தேன். அரும்பாவூரில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, கடைசியில் குன்னம் பக்கத்து செக்‌ஷன் ஒன்றில் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். கம்பம் ஏறக் கற்றது, கீழே விழுந்து காலில் தையல் போட்டது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எல்.சி., அதாவது லைன் கிளியர். கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் சப்ஸ்டேஷனில் கேட்டு வாங்கும் அனுமதி. இன்ன லைனில் இன்ன இடத்தில் வேலை என்று நாங்கள் சொல்வோம். ஆபரேட்டர் அந்த லைனை நிறுத்தி, பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டிவிட்டு ஒரு மெசேஜ் நம்பர் தருவார். அதை நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அது செல்லும். பிறகு கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்த்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தவறி வரும் கரண்டை மண்ணில் இறக்கிவிடுகிற எர்த் ராடு மாட்டுவோம். இத்தனையும் முடிந்த பிறகுதான் கை வைப்போம்.

நான் ஹெல்பராக இருந்தபோது ராமலிங்கம் என்று ஒரு வயர்மேன். ஒருநாள் எல்.சி. வாங்கித்தான் ஏறினார். ஆனால் சப்ஸ்டேஷன் பக்கம் மட்டும் எர்த் போட்டிருந்தார்கள். மறுபக்கம் அடுத்த செக்‌ஷனின் எல்லை. அங்கே ஒரு கல்யாண வீடு. கரண்ட் வேண்டுமென்று கேட்டார்கள் என்று, அந்தப் பக்கத்து வயர்மேன், மேலே ஆள் இல்லை என்று யாரோ வாயால் சொன்னதை நம்பி எல்லையில் இருந்த சுவிட்சைப் போட்டுவிட்டார். இரண்டு லைனைச் சேர்க்கிற சுவிட்ச் அது. கரண்ட் யாரும் நினைக்காத பக்கத்திலிருந்து வந்தது. ராமலிங்கத்தைக் கீழே இறக்கியவர்களில் நானும் ஒருவன். இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

இனி வளர்மதி மேடத்தைப் பற்றி. என் வேலையின் கடைசி வருடங்களில் எங்கள் செக்‌ஷனுக்கு உதவிப் பொறியாளராக வந்தவர். கயலை விட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எங்களையெல்லாம் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'அண்ணே' போய் 'ஃபோர்மேன்' ஆகிவிடும். போனில் நாம் ஒன்று சொன்னால் உடனே பதில் வராது. நாம் சொன்னதை அப்படியே நம்மிடம் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்பார். முதலில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. "மேடம் கிட்ட பசிக்குதுன்னு சொன்னா, 'உங்களுக்குப் பசிக்கிறது, சரியா'ன்னு கேக்கும்" என்று பசங்க கிண்டலடிப்பார்கள். போகப்போக நாங்களும் அப்படியே பேச ஆரம்பித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் கயல் சொல்கிற அந்த டேட்டா மாடல் வேலை வந்தது. அதுவரை ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு பில் போடும் இடத்தில் ஒரு நம்பர், புகார் எடுக்கும் இடத்தில் ஊர் பேர், சப்ஸ்டேஷனில் லைன் பேர், வரைபடத்தில் வேறு ஒரு குறி. ஒவ்வொரு ஆபீசும் ஒவ்வொரு கம்பெனியிடம் சாஃப்ட்வேர் வாங்கியிருந்தது. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. இனிமேல் எல்லோரும் ஒரே அச்சில் எழுத வேண்டும், பெரம்பலூர் பக்கம் எழுதுவதை அரியலூர் பக்கம் யாரையும் கேட்காமல் படிக்க வேண்டும் என்று உத்தரவு.

மேடமும் நானும் திருச்சிக்கு ட்ரெய்னிங் போனோம். பாடம் எடுத்தவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கம்பம் எங்க நிக்குதுன்னு மட்டும் சொன்னா பத்தாதுங்க. அது எதோட கை கோத்திருக்குன்னும் சொல்லணும். கம்பியோ சுவிட்சோ டிரான்ஸ்ஃபார்மரோ, ஒவ்வொண்ணுக்கும் முனை இருக்கு. அந்த முனை எதுல சேருதுன்னு எழுதலைன்னா லைன் அங்கயே முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

ராமலிங்கத்தை நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு முனை இருக்கிறது, அதில் கரண்ட் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்தால்! அதனால் மனசார அந்த வேலையைச் செய்தேன். வெயிலில் கம்பம் கம்பமாக நடந்தபோதும் சலிக்கவில்லை.

இங்கே நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டில் பந்தலுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த போன் லைன்மேனுக்குத்தான் வரும். "சாவு வூடுண்ணே, கரண்ட நிறுத்திடாதீங்க." ஃப்ரீசர் பெட்டி ஓட வேண்டும் அல்லவா? வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டும், அதுவரை வைத்திருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளாக இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுவோம். தள்ள முடியாவிட்டால் பக்கத்து லைனிலிருந்து அந்த ஊருக்கு மட்டும் கரண்ட் கொடுப்போம். அப்படிச் செய் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் விதி பேச யாருக்கும் வாய் வராது, அவ்வளவுதான்.

நான் சொல்லப்போவது இரண்டு மாவட்டத்துக்கும் எல்லையில் இருக்கும் ஒரு ஊர். பேரை எழுதவில்லை. நம் லைனின் கடைசி ஊர் அது. ஊரைத் தாண்டி ஒரு ஓடை. ஓடைக்குள்ளேயே ஒரு கம்பம், அதில் ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் அரியலூர் பக்கத்து லைன் நம்மோடு சேர்ந்துகொள்ளும். அந்தச் சுவிட்ச் யாருடையது என்று வெகுகாலமாக இழுபறி. யாருடையதோ அவர்கள்தான் கைப்பிடி மாற்ற வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஃபோர்மேன் கலியமூர்த்தி என் சிநேகிதன். பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, உங்க புள்ள துருப்புடிச்சுக் கெடக்கு. குளிப்பாட்டக் கூடாதா?" என்பான். "ஓடையில கெடக்கறது ஒன் புள்ளதான்டா" என்பேன். இந்த விளையாட்டு பல வருடம் ஓடியது.

எல்லைப் பகுதியை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். நம் பக்கத்து ஆட்களிடம் எல்லை 'ஓடை வரைக்கும்' என்று எழுதிக் கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்து ஆட்களிடமும் அதேதான். இவர்கள் இந்தக் கரையோடு நின்றார்கள், அவர்கள் அந்தக் கரையோடு நின்றார்கள். இரண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்த்தபோது நடுவில் கம்பமும் இல்லை, சுவிட்சும் இல்லை. தப்பு என்று எதுவும் சிவப்பில் காட்டவில்லை. இரண்டு லைனும் அங்கங்கே முறையாக முடிந்திருந்தன.

அந்த ஊரில் பாக்கியம் என்ற அம்மா இறந்துபோனார். வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலி வேலை பார்த்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். மகள் மலர் உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஒரே மகன் செல்வராசு சவூதியில் கட்டட வேலையில் இருந்தான். அவனுக்கு அங்கிருந்து கிளம்ப அனுமதிச் சீட்டு கிடைக்கத் தாமதமாகிவிட்டது. அதனால் அம்மாவைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். விமானம் திருச்சியில் இறங்கி அவன் ஊர் வந்து சேர இருந்த அந்த நாளில்தான் நம் லைனுக்குப் பகல் முழுக்க மின்தடை. சப்ஸ்டேஷனில் மெயின் பேனலையே கழற்றி மாற்றுகிற வேலை. அதைத் தள்ளிப் போட முடியாது.

முந்தின நாள் சாயங்காலம் மலர் போன் செய்தாள். "அண்ணே, தம்பி நாளைக்கு வந்துருவான். அதுவரைக்கும் பாத்துக்கங்கண்ணே. அம்மா மொகத்த அவன் ஒரு தடவ பாத்துடணும்."

"மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்றம்மா" என்றேன்.

காலையில் மேடத்திடம் சொன்னேன். திரையில் அந்த ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அண்ணே, ஓடைக்கு அந்தாண்ட கம்பியே இல்லையே."

"இருக்கு மேடம். நானே ஏறியிருக்கேன். சுவிட்ச் சாவி என் பையிலதான் கெடக்குது."

"நீங்க ஏறியிருக்கீங்க. சரியா? அது எனக்குப் போதும். ஆனா கரண்ட் குடுக்கறது அந்தப் பக்கம். அவங்க ஆபரேட்டருக்குத் தெரியணுமே."

போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த சப்ஸ்டேஷனுக்குப் பேசினார். ஆபரேட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், என் ஸ்கிரீன்ல லைன் கரையோட முடியுது. இல்லாத சுவிட்சுக்கு நான் என்னன்னு மெசேஜ் நம்பர் தருவேன்? நாளைக்கு யாராச்சும் அந்த லைன்ல எல்.சி. கேட்டா, உங்க ஊரு இதுல ஓடுதுன்னு எனக்கு எது காட்டும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"போடுண்ணே. எங்க பக்கம் ஒரு ஆளும் மேல இல்ல. நான் சொல்றேன்."

"வாயால சொல்றியாடா?"

"சாவு வூடுண்ணே. இதுக்குப் போயி..."

"ராமலிங்கத்துக்கும் வாயாலதான்டா சொன்னாங்க."

அவன், "சரிண்ணே, நான் எங்க சாருக்கு முயற்சி பண்றேன்" என்று வைத்துவிட்டான்.

மேடம் உட்கார்ந்து அந்தக் கம்பத்தையும் சுவிட்சையும் புதிதாக ஏற்றினார். ஒரு முனை இந்தக் கரைக் கம்பத்தில், மறுமுனை அந்தக் கரைக் கம்பத்தில். இரண்டு பக்கத்துப் பெரிய ஆபீசும் ஒப்புக்கொண்டால்தான் அது படத்தில் ஏறும். நம் பக்கம் சீக்கிரம் கிடைத்துவிட்டது. அந்தப் பக்கம் ஒப்புதல் தர வேண்டியவர் ஒரு கூட்டத்தில் இருந்தார், போன் அணைத்திருந்தது. மேடம் திரும்பத் திரும்ப முயன்றார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார்.

"நீங்க இருங்க மேடம். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"இல்லண்ணே. முடியாதுன்னு சொல்றது நானு. நாந்தான் போய்ச் சொல்லணும்."

போனோம். அன்றைக்கு முகூர்த்த நாள். சுற்றுவட்டாரத்து ஜெனரேட்டரெல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தன. ஜெயங்கொண்டத்திலிருந்து தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஒன்று புகையைக் கக்கிவிட்டு நின்றுபோய்விட்டதாம். பெட்டியைச் சுற்றி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் வடிந்து பந்தலுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. நல்ல கோடை.

பங்காளி முறையில் பெரியவர் தங்கவேலு எழுந்து வந்தார். "வாங்கம்மா. கரண்ட கொண்டாந்தீங்களா, கையத்தான் வீசிக்கிட்டு வந்தீங்களா?"

மேடம் கைகூப்பினார். "ஐயா, இன்னும் அனுமதி வரலைங்க. முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்."

"அதோ ஓடையில நிக்குதே சுவிட்சு. அத இழுத்தா வந்துரும்னு ஆடு மேய்க்கிற புள்ளைக்கும் தெரியும். ஒங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியலையாக்கும்?"

"ஆமாங்கய்யா. அதுக்குத் தெரியல. அது தெரியாம நான் இழுத்துட்டா, எங்கயோ கம்பத்து மேல நிக்கிற ஒருத்தர் வீட்டுல இதே மாதிரி பந்தல் போடணும்."

கூட்டத்தில் ஒருவன், "எல்லாம் பேசத் தெரியும்" என்றான். மேடம் நகரவில்லை.

மலர் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "வெங்காயக் காட்டுல வெந்து வெந்தே கெடந்துச்சுண்ணே எங்கம்மா. செத்த பெறகாச்சும் புள்ள வர்ற வரைக்கும் சில்லுன்னு கெடக்கட்டும்னு நெனச்சேன். அதுக்கும் குடுத்து வைக்கலையே."

என் சட்டைப்பையில் சாவி இருந்தது. நடந்தால் ஓடை பக்கம்தான். மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அந்த அம்மாவின் முகம் மாற ஆரம்பித்துவிட்டது. "மகன் பாக்கணுந்தான். ஆனா இப்படிப் பாக்கக் கூடாது" என்றார் தங்கவேலு. செல்வராசு விமானத்தில் இருந்தான், போன் போகவில்லை. மலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். பெண்கள் அவளைப் பிரித்தார்கள். மகன் போட வேண்டிய வாய்க்கரிசியை அவளுடைய கணவர் போட்டார். யாரோ போனில் படம் பிடித்தார்கள். பிறகு பிணத்தை எடுத்துவிட்டார்கள்.

பாடை தெருமுனை திரும்பும்வரை மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் அனுமதி வந்தது. மேடம் என்னைப் பார்த்து, "குடுத்துருங்கண்ணே" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற மற்ற வீடுகளுக்காவது வரட்டும். நம் சப்ஸ்டேஷனில் வேலை செய்பவர்கள் பக்கம் கரண்ட் போகாதபடி, ஊருக்கு முன்னால் இருந்த நம் சுவிட்சை அணைத்துப் பூட்டினோம். ஆபரேட்டர் சுவிட்சின் புதுப் பேரைச் சொல்லி மெசேஜ் நம்பர் தந்தார். திருப்பிச் சொன்னேன். "சரி" என்றார். ஓடைக்குப் போய்க் கைப்பிடியை இழுத்தேன். அந்தப் பக்கம் அன்று காலையிலிருந்தே ஒரு ஆளும் மேலே ஏறியிருக்கவில்லை. கலியமூர்த்தி சொன்னது முழுக்க உண்மை. காலையிலேயே போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது சுடுகாட்டுக்குப் போனவர்கள் காரியம் முடித்து வந்துவிட்டிருந்தார்கள். பந்தலில் காலிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ப்ளக்கைப் பிடுங்க நினைக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் திருச்சி கார் வந்து நின்றது.

செல்வராசு இறங்கி நேராகப் பெட்டியிடம் வந்தான். கண்ணாடிமேல் கையை வைத்தான். சில்லென்று இருந்திருக்கும். யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"இப்ப ஓடுதே. எப்படி வந்துச்சு?"

மேடம் அவன் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்காமல், தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொள்ளாமல் சொன்னார். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு சுடுகாட்டுப் பக்கம் நடந்தான். தங்கவேலு பின்னாலேயே ஓடினார். மலர் போனில் இருந்த படத்தைக் காட்டப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டதைப் பார்த்தேன். "போன்ல தெரியறது அம்மா மொகமாக்கா?" என்றான்.

அதற்குப் பிறகு கலியமூர்த்தியும் நானும் எல்லை நெடுக நடந்தோம். அது மாதிரி விடுபட்ட இடங்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையும் எழுதினோம். இருவரும் 'எங்களுது' என்று கையெழுத்துப் போட்டோம். வழியெல்லாம் அவன் கிண்டல் பண்ணவே இல்லை.

மேடம் இன்னொன்றும் செய்தார். சாவு வீடு என்று குறிக்க அந்த அச்சில் ஒரு இடம் வேண்டும் என்று மேலே எழுதினார். உலகத்துக்கே பொதுவான அச்சு, நம் ஊர் வழக்கத்துக்காக மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. புத்தகம் போன்ற அந்த விவரக் குறிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். வீட்டில் வைத்தியம் நடக்கிறவர்களுக்காக, இன்ன தேதிவரை கரண்ட் நிறுத்தக் கூடாது என்று குறிக்க ஒரு இடம் இருந்தது. "நோயாளிக்குன்னு வச்ச இடம்ணே. இதுலயே போடுவோம். செத்தவங்களும் கொஞ்ச நாள் நம்மள நம்பித்தான் படுத்திருக்காங்க" என்றார். நான் ஓய்வு பெறும்வரை அதில் பல வீடுகளைப் போட்டேன். எல்லைக்கு அந்தாண்டையிலிருந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மெசேஜ் நம்பர் வந்துவிடும். அந்த வீட்டுக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. பெட்டி ஓடும், பிள்ளைகள் வருவார்கள், முகம் பார்ப்பார்கள்.

கருமாதி முடிந்து சவூதிக்குத் திரும்புவதற்கு முன்னால் செல்வராசு ஆபீசுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று பசங்க எழுந்து நின்றார்கள். அவன் என்னிடம் மட்டும், "அண்ணே, அந்த சுவிட்ச காட்டுறீங்களா?" என்றான்.

"உங்க ஊரு ஓடைதானே தம்பி? நீ பாத்திருப்பியே."

"சின்ன வயசுல அதுக்குக் கீழதான் வெளையாடுவோம். அதுதான் அதுன்னு தெரியாது."

என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். ஓடை காய்ந்து கிடந்தது. கம்பத்தில் புதிதாகப் பெயிண்டில் பேர் எழுதியிருந்தோம். அவன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். மேலே கம்பிகளைச் சேர்க்கிற சுவிட்சின் மூன்று கத்தியையும் பார்த்தான், அங்கிருந்து கீழே இறங்கி வரும் குழாயைப் பார்த்தான், பூட்டுப் போட்ட கைப்பிடியைப் பார்த்தான். அது அவன் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"இத எப்படிப் போடுவீங்க?"

"பூட்டத் தொறந்து, மேல தூக்கி இழுக்கணும்."

"ரெண்டு ஆள் வேணுமா?"

"ஒரு ஆள் போதும்."

கைப்பிடியை ஒரு விரலால் தொட்டான். துரு ஒட்டியதா என்று விரலைப் பார்த்துக்கொண்டான்.

"இவ்ளோதானாண்ணே?"

அவனிடம் ராமலிங்கத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் அம்மாவின் முகத்துக்கு அது ஈடாகாது.

"இவ்ளோதான் தம்பி" என்றேன்.